எக்காளமும் பேரிக்காயும்

சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் சிபாரிசு செய்யப்படும் நூல்களில் ஒன்று ஆந்தனி லூயிஸ் எழுதிய ‘கிதியோனின் எக்காளம்’. 1964இல் வெளிவந்தது. லூயிஸ் அப்போது நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்காக உச்ச நீதிமன்றச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு வழக்கைச் சட்டம் தெரியாதவருக்கும் கதைபோலச் சொல்ல முடியும் என்று காட்டிய புத்தகம் அது. நல்ல புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் அது எந்த இடத்துக்காகக் கொண்டாடப்படுகிறதோ, அந்த இடத்தில் அதன் உயிர் இல்லை. உயிர் இறுதிப் பக்கங்களில் இருக்கிறது. பெரும்பாலான வாசகர்கள் அந்தப் பக்கங்களுக்கு வரும்போது கதை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைக்கும்படியாகவே லூயிஸும் எழுதியிருக்கிறார்.

கதைச் சுருக்கம் இது. ஃபுளோரிடா மாநிலத்தின் பனாமா சிட்டியில், 1961 ஜூன் மாதத்தில் ஒருநாள் அதிகாலை, ஒரு பூல் விளையாட்டு விடுதி உடைக்கப்படுகிறது. போனது இயந்திரங்களில் இருந்த சில்லறைக் காசும் கொஞ்சம் குடிவகையும்தான். கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்ற ஐம்பது வயதுக்காரரை விடுதிக்குள் கண்டதாக ஓர் இளைஞர் சொல்கிறார். கிடியன் சிறைக்குப் புதியவரல்ல. நிலையான வேலை இல்லை, கையில் காசும் இல்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி விசாரணை தொடங்கியபோது தனக்கு ஒரு வழக்கறிஞரை நியமிக்கும்படி கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கென்றால்தான் இந்த மாநிலத்தில் அதற்கு இடமுண்டு என்றார் நீதிபதி. அந்த உரிமை எனக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே என்று கிடியன் மறுமொழி சொன்னார். உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. 1942இல் வந்த பெட்ஸ் வழக்கின் தீர்ப்பு அதற்கு நேர்மாறானது. தனிப்பட்ட சூழ்நிலை ஏதேனும் இருந்தாலொழிய, ஏழைக்கு வழக்கறிஞர் தரவேண்டிய கட்டாயம் மாநில அரசுகளுக்கு இல்லை என்றது. கிடியன் தானே வாதாடினார், தோற்றார். ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சிறையிலிருந்து, கோடிட்ட தாளில், பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. அவருக்காக வாதாட வாஷிங்டனின் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவரான ஏப் ஃபோர்ட்டாஸ் நியமிக்கப்பட்டார். 1963 மார்ச் 18ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கிடியன் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். 1942இல் பெட்ஸ் வழக்கில் மறுப்புத் தீர்ப்பு எழுதி, 21 ஆண்டுகள் காத்திருந்தவர். இதைவிடப் பொருத்தமான உச்சக் காட்சியை ஒரு நாவலாசிரியரால்கூடக் கற்பனை செய்திருக்க முடியாது.

நூலின் பெயர் விவிலியத்திலிருந்து வருகிறது. கிடியன் என்ற பெயரைத் தமிழ் வேதாகமம் கிதியோன் என்று எழுதும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் அவர் முந்நூறு பேரோடு மீதியானியரின் பெரும் பாளையத்தைச் சூழ்ந்துகொண்டு, இரவில் எக்காளம் ஊதி, பானைகளை உடைத்து, தீவட்டிகளைக் காட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கே பகைவர் படை சிதறி ஓடிவிடுகிறது. லூயிஸ் இந்த உவமையை விரும்பித் தேர்ந்திருக்கிறார். ஓர் ஏழையின் குரல் ஓங்கி ஒலித்தது, அநீதியின் பாளையம் கலைந்தது என்பதுதான் அவர் சொல்லவந்தது. நூலின் பெரும்பகுதி நடப்பது வாஷிங்டனில். மனு எந்த அலுவலகத்துக்குப் போனது, எந்த விதியின்கீழ் ஏற்கப்பட்டது, ஃபோர்ட்டாஸின் அலுவலகம் எப்படித் தயாரானது, நீதிபதிகள் என்னென்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றையும் அக்கறையோடு விவரிக்கிறார்.

ஆனால் எக்காளம் யாரையும் விடுதலை செய்யவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கிடியனுக்குக் கொடுத்தது மறுவிசாரணையை மட்டுமே. அதே ஊர், அதே நீதிமன்றம், அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. 1963 ஆகஸ்ட் 5ஆம் தேதி, தோற்று இரண்டு ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, அவர் திரும்பவும் அந்தக் கூண்டுக்கு வந்தார். இம்முறை வெளியூரிலிருந்து வந்த சிவில் உரிமை அமைப்பின் வழக்கறிஞர்களை வேண்டாமென்று சொல்லி, உள்ளூர்க்காரரான ஃபிரெட் டர்னரைக் கேட்டு வாங்கியிருந்தார்.

டர்னர் என்ன செய்தார்? விசாரணைக்கு முன் மூன்று முழு நாட்களை இந்த ஒரு வழக்குக்குச் செலவழித்தார். சாட்சிகளைத் தேடிப்போய்ப் பேசினார். முக்கிய சாட்சியான இளைஞரின் வீட்டுக்குப் போய், கொல்லைப்புறத்தில் அவருடைய தாயாரோடு சேர்ந்து பேரிக்காய் பறித்துக்கொண்டே, மகனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டார். நீதிமன்றத்தில் அந்த இளைஞரின் சாட்சியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை, எங்கே நின்று பார்த்தாய், ஏன் உடனே காவல்துறையிடம் போகவில்லை என்று கேட்டார். அன்று கிடியனை ஏற்றிச்சென்ற வாடகைக் கார் ஓட்டுநரையும் பேசவைத்தார். நடுவர் குழு ஒரு மணிநேரம் ஆலோசித்துவிட்டு வந்து குற்றவாளி அல்ல என்றது.

சட்டத்தின் வார்த்தையில் ‘திறம்பட்ட வழக்கறிஞர் உதவி’ என்று சொல்லப்படுவதன் முழுப்பொருளும் அந்தப் பேரிக்காய் மரத்தடியில் இருக்கிறது. லூயிஸ் அதைப் பதிவுசெய்திருக்கிறார், அந்தக் கடன் அவருக்கு உண்டு. ஆனால் பெரிய வெற்றிக்குப் பின் வரும் இனிய முடிவுரைபோல அதை வைத்துவிட்டார். உண்மையில் முதல் விசாரணைக்கும் இரண்டாவதற்கும் இடையே மாறியவை இரண்டு. வழக்கறிஞர் ஒருவர் இருந்தார் என்பது ஒன்று. அவரிடம் நேரமும் ஊரறிவும் அக்கறையும் இருந்தன என்பது மற்றொன்று. தீர்ப்பு உறுதிசெய்தது முதலாவதை. கிடியனைக் காப்பாற்றியது இரண்டாவது.

இந்த வேறுபாட்டை நீதிமன்றம் அறியாமல் இல்லை. 1932இல், அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது பாலியல் வல்லுறவுக் குற்றம் சாட்டப்பட்ட வழக்கிலேயே அது பேசப்பட்டுவிட்டது. அந்த விசாரணையில் நீதிபதி, ஊரிலிருந்த வழக்கறிஞர்கள் அனைவரையும் பொதுவாக நியமித்தார். எல்லாரையும் நியமித்தால் யாரையும் நியமிக்கவில்லை என்றுதான் பொருள். விசாரணை நாள் காலைவரை பொறுப்பேற்க ஆளில்லை. அப்படிப் பெயருக்கு நடந்த நியமனம் உதவியாகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. ஆக, ‘திறம்பட்ட’ என்ற சொல் கிடியனுக்கு மூப்பு.

லூயிஸின் நூல் 1980இல் தொலைக்காட்சிப் படமானபோது கிடியனாக நடித்தவர் ஹென்றி ஃபோண்டா. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன், 1957இல், சிட்னி லூமெட் இயக்கிய ‘பன்னிரண்டு கோபக்காரர்கள்’ படத்தில் நடித்தவரும் அவர்தான். பதினொரு பேர் குற்றவாளி என்று கைதூக்கும்போது தனியே நிற்கும் நடுவர். மனச்சாட்சியின் கதை, சனநாயகத்தின் கதை என்றெல்லாம் அந்தப் படத்தைப் பாராட்டியாயிற்று. இன்று திரும்பப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. அந்தச் சேரிப் பையனுக்காக நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை என்று ஃபோண்டாவின் பாத்திரமே சொல்கிறது. அபூர்வமானது என்று சொல்லப்பட்ட கத்தியை அக்கம்பக்கத்துக் கடையில் வாங்கிவந்து மேசையில் குத்துவது, கால் இழுத்து நடக்கும் கிழவரால் சொன்ன நேரத்தில் கதவருகே வந்திருக்க முடியுமா என்று நடந்து பார்ப்பது, சாட்சி சொன்ன பெண்ணின் மூக்கில் கண்ணாடித் தழும்பு இருந்ததை நினைவுகூர்வது என எல்லாமே வழக்கறிஞர் செய்திருக்க வேண்டியவை. வழக்கறிஞர் செய்யாத வேலையைப் பூட்டிய அறைக்குள் ஒரு கட்டடக் கலைஞர் செய்துமுடிக்கிறார். படம் நமக்குத் தரும் நிம்மதி, பன்னிரண்டில் ஒருவர் ஃபோண்டாவாக இருந்தார் என்பதால் கிடைப்பது. இல்லாதிருந்தால் பையன் மின்சார நாற்காலிக்குப் போயிருப்பான், வழக்கறிஞர்மேல் யாருக்கும் ஒரு குறையும் தோன்றியிருக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துத்தான் 1984இல் வந்த ஸ்ட்ரிக்லண்ட் தீர்ப்பை வாசிக்க வேண்டும். வழக்கறிஞர் திறம்படச் செயல்படவில்லை என்று தண்டனை பெற்றவர் எப்போது முறையிடலாம் என்பதை இன்றுவரை தீர்மானிப்பது அதுதான். அதுவும் ஃபுளோரிடாவிலிருந்து வந்த வழக்கு. டேவிட் வாஷிங்டன் மூன்று பேரைக் கொன்றவர், ஒப்புக்கொண்டவர். அவர் சாகவேண்டுமா, ஆயுள் முழுக்கச் சிறையில் இருக்கவேண்டுமா என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கட்டத்தில் அவருடைய வழக்கறிஞர் மனைவியோடும் தாயாரோடும் தொலைபேசியில் பேசினார். வேறு யாரையும் தேடிப்போகவில்லை, மனநல மருத்துவரிடம் பரிசோதிக்கவும் கேட்கவில்லை. அது போதும் என்றது நீதிமன்றம். நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதிய தீர்ப்பு இரண்டு படிகளை வைத்தது. வழக்கறிஞரின் செயல் நியாயமான தொழில் அளவுகோலுக்குக் கீழே இருந்ததென்று காட்டவேண்டும். அவர் ஒழுங்காகச் செய்திருந்தால் முடிவு மாறியிருக்கப் போதிய வாய்ப்பு இருந்ததென்றும் காட்டவேண்டும். தீர்ப்பு வந்தது மே மாதம். ஜூலை மாதம் வாஷிங்டன் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

ஓகானரின் தர்க்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தோற்றவர் ஒவ்வொருவரும் வழக்கறிஞர்மேல் பழிபோட்டால் எந்த வழக்கும் முடியாது. நடந்தபின் பார்த்தால் எல்லா வியூகமும் முட்டாள்தனமாகத் தெரியும். வழக்கறிஞர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு வெளியே சொல்லமுடியாத காரணம் இருந்திருக்கலாம். இவை யாவும் நியாயமே. ஆனால் மறுப்புத் தீர்ப்பு எழுதிய தர்குட் மார்ஷல் காட்டிய ஓட்டை அதைவிடப் பெரியது. குறுக்கு விசாரணை பலவீனமாக இருந்தால், அரசுத் தரப்பின் வழக்கு வலுவாகத்தான் பதிவாகும். வழக்கறிஞர் தேடாத சாட்சி ஆவணத்தில் இருக்கமாட்டார். தேடாமையின் விளைவாக வெறுமையான ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேடியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று கேட்பது எப்படி நியாயமாகும்?

இதைக் கிடியனின் வழக்கில் பொருத்திப் பார்க்கலாம். டர்னருக்குப் பதிலாக, அன்று காலைதான் கோப்பைப் பிரித்த ஒருவர் கிடியனுக்கு நியமிக்கப்பட்டிருந்தால்? கோட்டுப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, சாட்சியிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு அமர்ந்திருந்தால்? கிடியன் திரும்பவும் சிறைக்குப் போயிருப்பார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஆவணத்தைப் பார்ப்பார்கள். கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறார். எதிரியின் முந்தைய தண்டனைகள் இருக்கின்றன. வழக்கறிஞரும் உடனிருந்திருக்கிறார். முடிவு மாறியிருக்கும் என்று நம்ப ஆதாரம் எதுவுமில்லை என்று எழுதி மூடியிருப்பார்கள். பறிக்கப்படாத பேரிக்காய்கள் எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற ஒரே கேள்வி போதுமாயிருந்தது. அதைக் கேட்பவர் கொலைக்களத்துக்குப் பிறகுதான் அரண்மனை வாயிலுக்கு வந்தார். கண்ணகியின் வழக்கை நீதி வென்ற கதையாகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். வழக்கறிஞர் தாமதமாக வந்த கதையும் அதுதான்.

இதெல்லாம் விசாரணை நடக்கும் வழக்குகளுக்கு. பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே வருவதில்லை. 2012இல் மிசூரி மாநிலத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே ஒரு கணக்கைச் சுட்டியது. நடுவண் நீதிமன்றத் தண்டனைகளில் 97 விழுக்காடும் மாநில நீதிமன்றங்களில் 94 விழுக்காடும் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை. அதாவது ஏழையின் விதி நீதிமன்ற அறையில் முடிவாவதில்லை. அரசுத் தரப்போடு நடக்கும் பேரத்தில், தாழ்வாரத்தில் நடக்கும் பத்து நிமிடப் பேச்சில் முடிவாகிறது. ‘ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் விசாரணைவரை உள்ளே இருக்கவேண்டும்’ என்று சொல்லப்படும்போது, கோப்பைப் படித்த ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கும் படிக்காத ஒருவர் இருப்பதற்கும் உள்ள தூரம் பல ஆண்டுகள்.

படிக்க நேரம் வேண்டும். ஒரு வழக்கறிஞர் ஓர் ஆண்டில் 150 கடுங்குற்ற வழக்குகளுக்கோ, 400 சிறுகுற்ற வழக்குகளுக்கோ மேல் எடுக்கக்கூடாது என்று தேசிய ஆலோசனைக் குழு ஒன்று 1973இல் வரையறை தந்தது. அந்த எண்ணே கூடுதல். விடுமுறை போக ஒரு கடுங்குற்ற வழக்குக்கு ஒன்றரை நாள்தான் வரும். பூல் விடுதியில் போன சில்லறைக்கு டர்னர் செலவழித்தது மூன்று நாள். பல மாநிலங்களில் அந்த வரையறையும் காற்றில் போயிற்று. 2016இல் மிசூரி மாநிலத்தின் பொதுத் தற்காப்பு அலுவலகத் தலைவர், நிதியைத் தராமல் நிறுத்திவைத்த ஆளுநரையே ஒரு ஏழையின் வழக்குக்கு வழக்கறிஞராக நியமித்து உத்தரவிட்டார். ஆளுநர் ஜே நிக்சன் வழக்கறிஞர் உரிமம் உள்ளவர். அப்படி நியமிக்கும் அதிகாரம் இல்லையென்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேடிக்கைச் செய்தியாக அது உலகெங்கும் ஓடியது. அந்த ஏழையின் வழக்கு என்னவாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு. கிடியனின் ஃபுளோரிடாவிலோ, வழக்கறிஞர் வாங்க வசதியில்லை என்று விண்ணப்பிக்கவே 50 டாலர் கட்டணம் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டான 2013இல் டான் போர்ட்டர் இயக்கிய ‘கிதியோனின் படை’ ஆவணப்படம் வந்தது. தென் மாநிலங்களில் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர்களாக இருக்கும் மூன்று இளைஞர்களைப் பின்தொடரும் படம். லூயிஸ் பார்க்காத இடத்தில் இந்தப் படம் கேமராவை வைத்தது. கடனும் தூக்கமின்மையும் கோப்புகளின் குவியலுமாக ஓடும் வாழ்க்கை. அவர்களில் ஒருவர், தான் தோற்ற வழக்குகளின் கட்சிக்காரர் பெயர்களை முதுகில் பச்சை குத்திக்கொள்கிறார். மறக்கமுடியாத காட்சி. என் தயக்கமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓர் அரசியல் சட்ட உரிமை ஒரு மனிதரின் முதுகுத்தோலில் எழுதப்பட்டுத்தான் உயிர்வாழ வேண்டுமா? வேதாகமத்தில் கிதியோனின் படை முப்பத்தீராயிரம் பேரில் தொடங்குகிறது. வெற்றி மனிதருடையதல்ல என்று காட்டவே கர்த்தர் அதை முந்நூறாகக் குறைக்கிறார். மாநில அரசுகள் அப்படிப்பட்ட காரணத்துக்காகக் குறைப்பதில்லை. வரவு செலவுத் திட்டத்தில் வாக்கு வாங்கித்தராத வரி அது என்பதால் குறைக்கிறார்கள். குறைத்துவிட்டு, மிச்சமிருக்கும் முந்நூறு பேரின் வீரத்தைப் பாராட்டிப் பதக்கம் கொடுக்கிறார்கள்.

தமிழ்த் திரையும் இதே பழக்கத்தில்தான் இருக்கிறது. ‘ஜெய் பீம்’ 2021இல் வந்தபோது புலம்பெயர்ந்த நாடுகளில் குடும்பம் குடும்பமாகப் பார்த்தோம். பேரிக்காய் மரத்தடி வேலையை அந்தப் படம் நன்றாகவே காட்டுகிறது. வழக்கறிஞர் இடத்துக்குப் போகிறார், தடயம் தேடுகிறார், பொய்யின் தையலைப் பிரிக்கிறார். பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது நடத்திய 1993ஆம் ஆண்டுச் சம்பவத்தின் வழக்கு அதற்கு ஆதாரம். ஆனாலும் படம் முடிந்து எழும்போது மனத்தில் நிற்பது ‘இப்படி ஒரு மனிதர் கிடைத்தாரே’ என்ற நன்றியுணர்வு. நன்றி நல்ல உணர்வுதான், ஆனால் உரிமை உள்ள இடத்தில் அதற்கு வேலையில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர் ஓட்டுநரின் காலில் விழுவதில்லை.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன் வந்த வெற்றிமாறனின் ‘விசாரணை’ இன்னும் நேர்மையானது. மு. சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலை அடியொற்றிய படம். குண்டூரில் பிடிபட்ட தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் நீதிபதியின் முன் நிற்கிறார்கள். தெலுங்கு தெரியாது. வேறு வேலையாக அங்கே வந்திருந்த தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி ஒருவர் அவர்கள் சொல்வதை மொழிபெயர்க்கிறார், விடுதலை கிடைக்கிறது. அவர்களுக்காகப் பேச வந்தவர் ஒரு போலீஸ்காரர், அதுவும் தற்செயலாக. அந்தத் தற்செயல் அவர்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் படத்தின் பிற்பாதி. ஏட்டில் இந்தியாவிலும் குறையில்லை. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்பது 1976இல் அரசியல் சட்டத்தின் 39அ பிரிவாகச் சேர்ந்தது. 1979இல் பீகார் விசாரணைக் கைதிகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஏடு அமெரிக்காவிலும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. கேள்வி ஏட்டைப் பற்றியதல்ல.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊரில் வக்கீல் என்போம், ஈழத்தில் சட்டத்தரணி, அதற்கு முந்தைய தலைமுறைக்கு அப்புக்காத்து, பிரக்கிராசி. இத்தனை சொல் வைத்திருக்கும் நம்மிடம், ஏழைக்காக அரசு சம்பளம் கொடுத்து நிறுத்தும் தற்காப்பு வழக்கறிஞருக்கு வழக்கில் ஒரு சொல் இல்லை. அரசு வக்கீல் என்றால் அது குற்றம்சாட்டும் தரப்பு. இலவச வக்கீல் என்றால் அதில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டு வருகிறது. குற்றம்சாட்டப்பட்டவரையோ நம் நீதிமன்றத் தமிழ் ‘எதிரி’ என்கிறது. தீர்ப்புக்கு முன்பே அவர் நிற்கும் இடத்தைக் ‘குற்றவாளிக் கூண்டு’ என்கிறது. தப்புச் செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு, செய்தவனுக்கு நம் வரிப்பணம் எதற்கு என்று மாமாமார் வரவேற்பறையில் கேட்பது வெறும் இரக்கமின்மை அல்ல. மொழி அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அந்தக் கேள்விக்குக் கிடியன் கதை முழுப் பதிலாகாது. கிடியன் விடுதலையானவர், அதனால் அவர்மேல் இரக்கப்படுவது சுலபம். ‘ஜெய் பீம்’ கதையிலும் ஏழை அப்பாவி. கதைகளுக்கு அப்பாவிகள் வேண்டும், உரிமைக்கு வேண்டியதில்லை. டேவிட் வாஷிங்டன் அப்பாவி அல்ல. அவருக்கும் தன் வாழ்க்கையைத் தெரிந்த நாலு பேரைத் தேடிப்போகும் ஒருவர் தேவைப்பட்டார். யார் செய்தார், என்ன செய்தார், எவ்வளவு தண்டனை தகும் என்ற மூன்று கேள்விகளும் வேலை செய்த வழக்கறிஞர் ஒருவர் மறுபக்கம் இருந்தால்தான் கேள்விகளாகவே இருக்கும்.

இதில் நமக்கென்று தனியாக ஒன்றுண்டு. 2010இல் படில்லா வழக்கு. ஹோண்டுராஸிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், குடியுரிமை பெறாதவர். போதைப்பொருள் வழக்கில் ஒப்புக்கொள், இவ்வளவு காலம் இங்கே இருந்துவிட்டாய், குடிவரவுச் சிக்கல் எதுவும் வராது என்றார் வழக்கறிஞர். ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் கட்டாயமாயிற்று. அந்த ஆலோசனை திறம்பட்ட உதவியாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நாடுகடத்தல் விசாரணை என்பது சட்டத்தின் கண்ணில் குற்ற வழக்கு அல்ல. அங்கே ஏழைக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கேட்கும் பொது உரிமை கிடையாது. நிரந்தர வதிவிட அட்டையோடு இருபது ஆண்டு வாழும் ஒருவருக்கு, கீழ் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் முதலும் கடைசியுமான வாய்ப்பு. நம் சனங்களில் எத்தனை பேர் அந்த அட்டையை நம்பி நிம்மதியாக உறங்குகிறார்கள் என்று ஒவ்வொருவரும் தம் உறவுகளை எண்ணிப்பார்க்கலாம்.

தீர்வு ஒன்றும் மர்மமல்ல. தவறு நடந்தபின் மேல்முறையீட்டில் அளப்பதற்குப் பதிலாக, நடக்குமுன் அளக்கலாம். ஒருவருக்கு எத்தனை வழக்கு, துப்பறிய ஆள் உண்டா, நிபுணருக்குக் கொடுக்கப் பணம் உண்டா, மொழிபெயர்ப்பாளர் உண்டா என்பவை எண்ணக்கூடியவை. பல இடங்களில் இவற்றைத் தீர்மானிப்பது மாநிலச் சட்டமன்றமும் மாவட்ட நிர்வாகமும். கோயில் கட்டடத்துக்கு அனுமதி கேட்டும் பள்ளி எல்லையைப் பற்றிப் பேசியும் நாம் போகிற அதே கூட்டங்களில்தான் இந்தப் பணமும் ஒதுக்கப்படுகிறது.

‘கிதியோனின் எக்காளம்’ இன்றும் படிக்கவேண்டிய நூல். வீட்டில் சட்டம் படிக்கும் பிள்ளை இருந்தால் வாங்கிக்கொடுங்கள். இறுதிப் பக்கங்களை, டர்னர் வரும் இடத்தை, முதலில் படிக்கச் சொல்லுங்கள். ஃபோர்ட்டாஸ் ஆகவேண்டும் என்று அந்த நூலைப் படித்துவிட்டுக் கனவு கண்டவர்கள் நிறைய. டர்னர்கள்தான் போதவில்லை.